ஐஸ் மீன்பிடி: தூண்டில்களை எங்கே போடுவது என்று எப்படித் திட்டமிடுகிறீர்கள்?

தக்கை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று பேர் ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறோம், ஆளுக்கு இரண்டு தூண்டில், மொத்தம் ஆறு. ஏரி உறைந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆழ வரைபடம் கையில் இருக்கிறது, அதை வைத்துத்தான் கேட்கிறேன்.

வடக்குக் கரையிலிருந்து ஒரு மண்மேடு ஏரிக்குள் நீளமாக நீண்டு போகிறது. அதன் மேற்கே 8 அடி ஆழத்தில் ஒரு குடா, முழுக்க நீர்ச்செடி. செடி 11, 12 அடியில் முடிகிறது. அதற்கப்புறம் தரை சட்டென்று 25 அடிக்கு இறங்கி, பிறகு நிதானமாகச் சரிந்து, நடு ஏரியில் 38 அடியில் சமதளமாகிவிடுகிறது. மேட்டின் கிழக்குப் பக்கச் சரிவு அவ்வளவு செங்குத்து இல்லை.

முக்கியமாகத் தேடுவது வால்ஐ மீன், அடுத்தது பெர்ச். பைக் மீன் வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். பகல் 11 மணிக்கு ஏரியில் இறங்கி இருட்டும்வரை இருப்போம்.

கேள்வி இதுதான். ஆறு தூண்டிலையும் மேட்டின் முனையிலேயே போடுவதா, குடாவுக்கும் நடு ஏரிக்கும் பிரிப்பதா? துளைக்குத் துளை எவ்வளவு தூரம் விட வேண்டும்? இரையை எந்த உயரத்தில் நிறுத்துவது?

ஈயக்குண்டு:

தம்பி, வரைபடத்தோடு வந்திருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. ஆறையும் ஏரி முழுக்கத் தெளிக்காதீர்கள், ஆறையும் ஒரே ஆழத்திலும் போடாதீர்கள். என் வழக்கம் இது: ஆழக்கோடுகளைக் குறுக்காக வெட்டும் ஒரு நேர்கோடு. செடி முடிகிற இடத்தில் தொடங்கி, சரிவின் மேல் விளிம்பு, சரிவின் நடு, சரிவின் அடி, அதைத் தாண்டி சமதளத்தில் கொஞ்ச தூரம். உங்கள் ஏரியில் அது 11, 14, 18, 25, 28 அடி என்று வரும். அதாவது ஒரே சரிவில், ஒரே கோட்டில், ஆழம் மட்டும் மாறுகிற தூண்டில்கள்.

இதில் ஒரு விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு மணி நேரம் எல்லாத் தூண்டிலிலும் ஒரே இரை, ஒரே அளவு கொக்கி, தரையிலிருந்து ஒரே உயரம் வையுங்கள். 14 அடியில் ஒரு வகை இரையும் 25 அடியில் இன்னொரு வகையும் போட்டு, 25 அடியில் மீன் கடித்துத் தூண்டிலின் அடையாளக் கொடி எழுந்தால் அது ஆழத்தால் வந்ததா இரையால் வந்ததா என்று எப்படித் தெரியும்? ஒன்றை மட்டும் மாற்றினால்தான் மீன் சொல்கிற பதில் புரியும். இரண்டு கொடி ஒரே ஆழத்தில் எழுந்துவிட்டால், அப்புறம் மற்றத் தூண்டில்களை அந்த ஆழக்கோட்டை ஒட்டி நீளவாக்கில் நகர்த்துங்கள். முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே. நான் திட்டம் என்று சொல்வது இவ்வளவுதான்.

தூரம்: வரைபடத்தில் கோடுகள் நெருங்கி இருக்கிற இடத்தில் 15, 20 அடிக்கு ஒரு துளை போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆழம் நான்கைந்து அடி மாறிவிடும். சமதளத்தில் அப்படி நெருக்கமாகப் போட்டால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான். அங்கே 50, 60 அடி இடைவெளி விடுங்கள்.

வரைபடத்தையும் முழுசாக நம்பிவிடாதீர்கள். துளை போட்டதும் கொக்கியில் ஈயக்குண்டைக் கோத்து இறக்கி ஒவ்வொரு துளையின் ஆழத்தையும் கையால் அளந்து பாருங்கள். குண்டு தரையைத் தொடும்போது விரலுக்குத் தெரியும்: கல், சரளை என்றால் டக் என்று நிற்கும். சேறு என்றால் மெத்தென்று புதைந்து, இழுக்கும்போது ஒரு கணம் பிடித்துக்கொண்டு வரும், குண்டில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருக்கும். சில நேரம் அந்தச் சேற்றிலேயே நூல்போலச் சிவப்புப் புழு நெளியும். அதைப் பார்த்துவிட்டால் பெர்ச்சுக்கு வேறு இடம் தேட வேண்டாம். கல் முடிந்து சேறு தொடங்குகிற ஓரம் எந்தத் துளைக்கு நேரே வருகிறது என்று குறித்துவையுங்கள். ஒரு தூண்டில் கண்டிப்பாக அந்த ஓரத்தில் இருக்க வேண்டும்.

கொடிக்காரி:

ஈயக்குண்டு அண்ணா சொன்ன குறுக்குக் கோட்டை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை 11 அடியில் தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இது ஏரி உறைந்த புதிது. குடாவை விட்டுவிட்டுச் சரிவுக்குப் போவது அவசரம்.

காரணம் சொல்கிறேன். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தி. அதனால் குளிர்காலத்தில் கோடைக்கு நேர்மாறாக ஐஸை ஒட்டிய நீர் 0 டிகிரிக்கு அருகிலும், அடிநீர் 4 டிகிரிக்கு அருகிலும் இருக்கும். இதைப் படித்துவிட்டு நிறைய பேர் மீன் வெதுவெதுப்பைத் தேடி உடனே அடிக்குப் போய்விடும் என்று முடிவு கட்டுகிறார்கள். மூன்று நான்கு டிகிரி வித்தியாசத்துக்காகச் சாப்பாட்டையும் மறைவிடத்தையும் விட்டுவிட்டு எந்த மீனும் போவதில்லை. ஐஸ் மெல்லிசாக இருந்து மேலே வெண்பனி குவியாதவரை வெளிச்சம் உள்ளே போகிறது, செடி பச்சையாக இருக்கிறது, ஆக்சிஜன் விடுகிறது, அதற்குள் சின்ன மீன் ஒளிந்திருக்கிறது. சின்ன மீன் இருக்கிற இடத்தில் பெர்ச், பெர்ச் இருக்கிற இடத்தில் பைக், சாயங்காலம் வால்ஐயும் அந்த ஓரத்துக்கு வரும்.

தக்கை, உங்கள் 8 அடிக் குடாவில் இரண்டு கொடித் தூண்டிலாவது (துளை மேல் நிறுத்தி வைக்கிற, மீன் இழுத்தால் கொடி எழும் தூண்டில்) போடுங்கள். ஆனால் செடி பச்சையா பழுப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். நீருக்கடி கேமரா இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பெரிய மும்முனைக் கொக்கியை இறக்கி ஒரு கொத்து இழுத்துப் பாருங்கள். பச்சையாக, முறுக்காக வந்தால் அங்கேயே நில்லுங்கள். பழுப்பாக, வழவழவென்று அழுகின வாடையோடு வந்தால் இடத்தைக் காலி பண்ணுங்கள். அழுகுகிற செடி ஆக்சிஜனைத் தின்னும், கொடுக்காது.

குடா முழுக்க ஒரே மாதிரி செடி இருக்காது. நடுவில் திட்டுத்திட்டாக வெற்றுத் தரை இருக்கும், செடி வரிசைக்குள் சந்து மாதிரி இடைவெளி இருக்கும். தூண்டில் அந்த இடைவெளியில் தொங்க வேண்டும். செடிக்குள்ளேயே இறக்கினால் உயிர் இரை நேரே உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், நூலும் சிக்கும். பைக்குக்கு நான் இரையைச் செடியின் தலைக்கு மேலே நிறுத்துவேன். 8 அடி நீரில் ஐஸுக்குக் கீழே 3, 4 அடி. பைக் மேல்நோக்கிப் பார்த்துப் பாய்கிற மீன், தன் கண்ணுக்குக் கீழே இருப்பதைவிட மேலே இருப்பதைத்தான் சுலபமாகக் கவனிக்கும்.

விடியல்:

இடத்தைப் பற்றியே பேசுகிறோம். நேரத்தைச் சேர்க்காமல் இடத்தை முடிவு செய்ய முடியாது என்பது என் கருத்து. பகல் 11 மணிக்குப் போடுகிற திட்டமும் சாயங்காலம் நான்கரைக்கு இருக்க வேண்டிய திட்டமும் வேறு வேறு.

வால்ஐயின் கண்ணுக்குள்ளே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மங்கலான வெளிச்சத்தில் அது பார்க்கும், அதன் இரையால் அவ்வளவு நன்றாகப் பார்க்க முடியாது. அதனால்தான் பொழுது சாயும்போது ஆழத்திலிருந்து சரிவு வழியாக மேலே ஏறி வந்து வேட்டையாடுகிறது. பெர்ச் இதற்கு நேர் எதிர், பகல் மீன். இருட்டினால் தரையில் படுத்துவிடும், கடிக்காது. பைக்கும் பெரும்பாலும் பகலில்தான். ஆக உங்கள் நாள் தானாகவே இரண்டாகப் பிரிகிறது. பகலில் பெர்ச்சும் பைக்கும், பொழுது சாய்ந்தால் வால்ஐ.

இதனால் வருகிற முக்கியமான விஷயம்: சாயங்காலத் துளைகளையும் மதியமே போட்டுவிடுங்கள். 12 அடி நீரில், பனி மூடாத ஐஸில், வால்ஐ ஏறி வருகிற நேரத்தில் தலைக்கு மேலே ஆகர் (ஐஸைத் துளைக்கும் கருவி) போட்டுக் குடைந்தால் அந்தச் சரிவையே காலி செய்த மாதிரிதான். ஏரியில் இறங்கியதும் எல்லாத் துளைகளையும் ஒரே மூச்சில் போட்டு முடித்துவிட்டு, சாயங்காலத்துக்கானவற்றின் மேல் பனியைத் தள்ளி மூடிவையுங்கள். மேலே மெல்லிய ஐஸ் படலம்தான் பிடிக்கும், கரண்டியால் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். மூடிவைப்பதில் இன்னொரு லாபம், துளை வழியாக வெளிச்சம் கம்பம்போல் உள்ளே இறங்காது. ஆழமில்லாத இடத்தில் அந்த வெளிச்சத்தைக் கண்டு மீன் ஒதுங்கிப் போவதைக் கேமராவில் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் போட்டு முடித்த பிறகு ஐஸ் மேல் நடையையும் குறையுங்கள். ஸ்லெட் வண்டியை இழுத்துக்கொண்டு கோட்டின் மேலேயே போய்வராதீர்கள், கொஞ்சம் விலகிச் சுற்றிப் போங்கள்.

தக்கை:

மிக்க நன்றி. குடாவைப் பற்றிக் கொடிக்காரி அக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. எங்களிடம் ஒரு ஃப்ளாஷர் (ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) இருக்கிறது, கேமரா இல்லை. ஆறில் எத்தனை கொடித் தூண்டிலாக இருக்க வேண்டும், எத்தனை கையில் பிடித்து ஆட்டுகிற தூண்டிலாக இருக்க வேண்டும்? ஒரு துளையில் திரையில் எதுவும் தெரியாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது?

நீர்க்கண்:

மூன்று பேருக்கு மூன்று கொடி, மூன்று ஆட்டுத்தூண்டில். கொடித் தூண்டில் நிற்கட்டும், நீங்கள் நடங்கள். இரண்டுக்கும் வேலை வேறு. கொடி ஓர் இடத்தை நாள் முழுக்கக் கண்காணிக்கிறது. கையில் இருக்கும் தூண்டில் மீனைத் தேடிப் போகிறது. ஆறையும் கொடியாகப் போட்டுவிட்டுக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தால் மீன் வந்தால்தான் உண்டு.

ஃப்ளாஷரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துளை எங்கே என்பதை அது நேரடியாகப் பாதிக்கிறது. அது ஒலியைக் கூம்பாக அனுப்புகிறது. 20 பாகைக் கூம்பு என்றால் 30 அடி ஆழத்தில் தரையில் சுமார் 10 அடி அகல வட்டம் தெரியும். 9 பாகை என்றால் 5 அடிக்கும் கொஞ்சம் குறைவு. 8 அடிக் குடாவில் 20 பாகையில்கூட 3 அடிக்குக் குறைவான வட்டம்தான். அதாவது குடாவில் திரையில் எதுவும் தெரியவில்லை என்பதற்கு அர்த்தம் துளைக்கு நேர் கீழே எதுவும் இல்லை என்பது மட்டுமே. நான்கு அடி தள்ளி ஒரு கூட்டமே நிற்கலாம். அங்கே திரையை நம்பி இடம் மாற்றாதீர்கள்.

சரிவில் பிரச்சினை வேறு. கூம்புக்குள் எந்தத் தரை ஃப்ளாஷருக்குப் பக்கமாக இருக்கிறதோ அதைத்தான் கருவி தரை என்று காட்டும். உங்கள் மேட்டின் மேற்குச் சரிவு ஒவ்வொரு 2 அடிக்கும் 1 அடி இறங்குகிறது என்று வையுங்கள். 30 அடியில், 20 பாகையில், மேட்டுப்பக்க ஓரத்தின் எதிரொலி முதலில் வந்துவிடுவதால் துளைக்கு நேர் கீழே தரையை ஒட்டிய கிட்டத்தட்ட 2 அடி நீர் திரையில் தரையோடு கலந்துபோகும். வால்ஐ நிற்பதே அந்த 2 அடியில்தான்! அதனால் சரிவில் குறுகிய கூம்பு வையுங்கள், அல்லது ஆட்டுத்தூண்டில் துளையைச் சரிவின் மேலேயே போடாமல் மேல் விளிம்பிலோ, அடியில் தரை சமமாகிற இடத்திலோ போடுங்கள். சரிவின் நடுவைக் கொடித் தூண்டிலுக்கு விட்டுவிடலாம், அதற்குத் திரை தேவையில்லை.

இன்னொன்று, தெளிவான ஐஸ் என்றால் துளை போடாமலே ஆழம் பார்க்கலாம். மேல் பனியைத் தள்ளிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஃப்ளாஷரின் டிரான்ஸ்டியூசரை (ஒலி அனுப்பும் முனை) அதில் அழுத்தி வையுங்கள், ஆழம் காட்டும். நடுவே காற்றுக்குமிழி நிறைந்த வெள்ளை ஐஸாக இருந்தால் வேலை செய்யாது. இப்படிச் சரிவின் விளிம்பை முதலில் நடந்தே கண்டுபிடித்துவிட்டு அப்புறம் ஆகரை எடுங்கள், பாட்டரியும் மிச்சம், சத்தமும் மிச்சம்.

காத்திருப்பது பெர்ச்சுக்குப் பத்து நிமிஷம். அதற்குள் ஒன்றும் திரையில் வரவில்லையென்றால் அடுத்த துளை.

ஈயக்குண்டு:

நீர்க்கண் சொன்ன பத்து நிமிஷக் கணக்கு பெர்ச்சுக்குச் சரி. அதையே வால்ஐக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள், நான் அழுத்திச் சொல்கிறேன். பெர்ச் கூட்டம் சேற்றுத் தரையில் மேய்ந்துகொண்டே நகர்கிறது, அதனால் அதைத் துரத்திப் போவதில் அர்த்தம் இருக்கிறது. சாயங்கால வால்ஐ ஒரு பாதையில் வருகிறது. நீங்கள் பாதையில் சரியாக உட்கார்ந்திருக்கிறீர்கள், அது இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். நாலரை மணிக்கு பொறுமை போய் வேறு துளைக்கு ஓடினால் ஐந்து மணிக்கு அது காலித் துளைக்குக் கீழே போகும்.

பாதை எது என்றுதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வரைபடத்தில் ஆழக்கோடுகள் கரைப்பக்கம் உள்வாங்கி வளைகிற இடத்தைப் பாருங்கள். மேடு கரையோடு சேருகிற மூலையில் பெரும்பாலும் அப்படி ஒரு உள்வளைவு இருக்கும். ஆழ்நீர் அங்கே கரைக்கு மிக அருகில் வருகிறது, மீன் குறைந்த தூரத்தில் ஆழத்திலிருந்து மேட்டுக்கு ஏறலாம். எல்லோரும் மேட்டின் முனைக்குத்தான் போவார்கள். முனை நல்ல இடம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் உள்வளைவில் ஒரு தூண்டிலாவது வைக்காமல் நான் எந்த ஏரியிலும் சாயங்காலத்தைக் கழிப்பதில்லை.

கொடிக்காரி:

கொடித் தூண்டில் போடுவதில் கைவேலை கொஞ்சம் இருக்கிறது. ஆழம் அளந்ததும் இரை எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் நூலில் ஒரு சின்ன மணியோ பொத்தானோ கோத்து நிறுத்துங்கள். மீன் எடுத்த பிறகு திரும்ப அதே ஆழத்தில் போட மணி ரீலுக்கு வரும்வரை சுற்றினால் போதும், இருட்டில் மறுபடி அளக்க வேண்டாம். வால்ஐக்குத் தரையிலிருந்து ஒரு அடி, அதிகம் போனால் ஒன்றரை அடி. ரீல் நீருக்குள்ளே, உறைகிற மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள்.

கொடித் தூண்டிலும் ஆட்டுத்தூண்டிலும் மிக நெருக்கமாக வேண்டாம். பெரிய பைக் ஒன்று கொக்கியோடு வட்டமடித்தால் பக்கத்து நூலையும் அள்ளிக்கொண்டு போகும். குறைந்தது 25 அடி விடுங்கள்.

கொடிகள் எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி நீங்கள் உட்காரும் இடம் அமைய வேண்டும். காற்று முதுகில் படும்படி உட்கார்ந்து, கொடிகள் முன்னால் வருகிற மாதிரி கோட்டை அமைப்பது நல்லது. எதிர்க்காற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் கொடி எழுவதைப் பார்க்க மாட்டீர்கள். இது சௌகரியம் மட்டும் இல்லை, பல இடங்களில் சட்டமும்கூட. கனடாவின் ஒன்டாரியோவில் ஐஸ் மேல் பொதுவாக ஆளுக்கு இரண்டு தூண்டில், எந்தத் தூண்டிலிலிருந்தும் 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும், மறைப்பில்லாமல் கண்ணில் படவும் வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டாவிலும் இரண்டுதான், கொடித் தூண்டிலிலிருந்து 200 அடிக்குள் நிற்க வேண்டும். விஸ்கான்சினில் மூன்று, 100 கெஜத்துக்குள். ஆக உங்கள் குடாத் தூண்டிலுக்கும் முனைத் தூண்டிலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை மீன் மட்டும் தீர்மானிப்பதில்லை. குடா தூரமாக இருந்தால் ஒருவர் தன் இரண்டு தூண்டிலோடு அங்கேயே இருக்க வேண்டும், மற்ற இருவர் சரிவில். உங்கள் ஏரிக்கு உரிய அந்த வருட விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கோடு போடுங்கள்.

பழந்துளை:

இழை முழுக்கப் படித்தேன், நல்ல விஷயங்கள். ஆனால் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது தூண்டில் போடக் கூடாத இடங்கள். அதை யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

ஓடை வந்து சேருமிடம், ஏரி வெளியேறுமிடம், இரண்டு கரை நெருங்கும் குறுகல், அடியில் ஊற்று உள்ள இடம், நீருக்குள் காற்று செலுத்தும் கருவி ஓடுகிற இடம், இவை எல்லாவற்றிலும் மீன் இருக்கும். ஆக்சிஜனும் இரையும் அங்கே வருகிறது. அதே ஓட்டம்தான் ஐஸைக் கீழிருந்து அரிக்கிறது. 50 அடி முன்னால் 6 அங்குலம் இருந்தது என்பது அங்கே எதற்கும் உத்தரவாதம் இல்லை. மீன் எவ்வளவு இருந்தாலும் அங்கே கோடு போடாதீர்கள்.

நடப்பதற்குப் புதிய தெளிவான ஐஸ் 4 அங்குலம் என்பது மினசோட்டா இயற்கை வளத் துறை சொல்கிற அளவு, ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7. வெள்ளை ஐஸுக்குப் பலம் ஏறக்குறைய பாதி, அதனால் இரட்டிப்புக் கனம் வேண்டும். உறைந்த புதிதில் கரையிலிருந்தே இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டு நடங்கள், சில அடிக்கு ஒருமுறை. மேட்டுக்குப் போகிற பாதையையும் திட்டத்தில் சேருங்கள், துளைகளை மட்டும் குறிக்காதீர்கள். ஐஸில் குத்திப் பிடித்து ஏறுவதற்கான ஐஸ் முள் இரண்டும் கழுத்தில் தொங்கட்டும், பையில் வேண்டாம். விழுந்துவிட்டால் வந்த திசைக்கே திரும்பி ஏறுங்கள், அந்தப் பக்க ஐஸ்தான் உங்களைத் தாங்கியிருக்கிறது. குளிர்நீர் ஆராய்ச்சிக்குப் பேர்போன மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்கிற கணக்கு 1-10-1: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் உபயோகமாக அசைய 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். பதறாமல் அந்த 10 நிமிடத்தைப் பயன்படுத்துங்கள்.

கிளம்பும்போது பழைய துளைகளின் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு வாருங்கள். இருட்டில் அடுத்தவர் கால் வைப்பார்.

வெண்தரை:

நடுவில் ஒரு கேள்வி. எங்கள் ஏரி உறைந்து இரண்டு மாதம் ஆகிறது, மேலே முழங்கால் அளவு பனி. முதல் வாரங்களில் கொடி எழுந்த அதே செடி ஓரத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. அங்கேயே காத்திருப்பதா, மாறுவதா? எங்களுக்கு கிராப்பி மீனும் பெர்ச்சும் உண்டு.

நீர்க்கண்:

மாறுங்கள். மேலே அவ்வளவு பனி என்றால் உள்ளே இருட்டு. செடி ஆக்சிஜன் விடுவது நின்று, செத்து அழுகத் தொடங்கியிருக்கும். மேலே மூடி போட்டிருப்பதால் காற்றிலிருந்தும் ஆக்சிஜன் வராது. ஆழமில்லாத, சேறு நிறைந்த ஏரிகளில் இது முற்றிப்போய் மீன் கூட்டமாகச் சாவதும் உண்டு.

ஆனால் மாறுவது என்றால் நேரே மிக ஆழமான குழிக்குப் போவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிச்சேறும் ஆக்சிஜனைத் தின்கிறது, அதனால் குளிர்காலம் போகப்போக ஆக்சிஜன் முதலில் தீர்வது தரையை ஒட்டிய நீரில்தான். சில ஏரிகளில் மிக ஆழமான குழியின் கடைசிச் சில அடிகள் மீன் வாழ முடியாத அளவுக்குப் போய்விடும். திரையில் மீன்கள் எல்லாம் தரையை விட்டு ஒரே மட்டத்துக்கு மேலே நின்றால் அதைச் சந்தேகப்படுங்கள். இரை அந்த மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும், தரையில் கிடக்கிற தூண்டில் வீண்.

நடுக்குளிரில் நான் தேடுவது நடுத்தர ஆழத்தில் பரந்த சேற்றுச் சமதளம், அதாவது சரிவு முடிந்து தரை சமமாகிற இடத்திலிருந்து உள்ளே. பெர்ச் தரையில் மேயும். கிராப்பி தரைக்கும் ஐஸுக்கும் நடுவே மிதக்கும், அதிலும் சாயங்காலமானால் மேலே ஏறும். அதனால் அங்கே ஈயக்குண்டு அண்ணாவின் குறுக்குக் கோட்டைவிட ஒரு கட்டம் நல்லது: சமதளத்தில் 50 அடிக்கு ஒன்றாக மூன்றுக்கு மூன்று துளை, ஃப்ளாஷரோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவது. ஆழம் மாறாத இடத்தில் தேட வேண்டியது திசையைத்தான். கிராப்பிக்கு இரை எப்போதும் மீனின் தலைக்கு மேலே ஒரு அடி, கீழே போனால் பார்க்காது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 30 அடிக்குக் கீழேயிருந்து இழுத்த கிராப்பியும் பெர்ச்சும் வால்ஐயும் காற்றுப்பை உப்பி வரும், திரும்ப விட்டாலும் பல பிழைப்பதில்லை. விட்டுவிடுகிற எண்ணத்தோடு ஆழத்தில் மீன் பிடிக்காதீர்கள். தேவையானது கிடைத்ததும் ஆழமில்லாத இடத்துக்கு வந்துவிடுங்கள்.

தக்கை:

எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தேன். பார்த்துச் சொல்லுங்கள்.

குடாவிலிருந்து மேட்டின் முனை வரை அளந்தால் கொடிக்காரி அக்கா சொன்ன தூரத்தைத் தாண்டுகிறது. அதனால் குடாவில் ஒருவர்: 8 அடியில் செடிச் சந்தில் பைக்குக்கு ஒரு கொடி, 11 அடியில் செடி ஓரத்தில் ஒரு ஆட்டுத்தூண்டில். மற்ற இருவரும் மேற்குச் சரிவில்: 14 அடியிலும் 18 அடியிலும் கொடி, 25 அடியில் சரிவின் அடியில் ஆட்டுத்தூண்டில், ஆறாவதை 38 அடிச் சமதளத்தில் பெர்ச்சுக்கு. பொழுது சாயும்போது 38 அடித் தூண்டிலை எடுத்து உள்வளைவில் 13 அடிக்குக் கொண்டுவருவோம், அதற்கான துளையை மதியமே போட்டு மூடிவைப்போம். ஓடை விழுகிற கிழக்கு மூலையைச் சிவப்பில் அடித்துவிட்டேன்.

ஈயக்குண்டு:

நன்றாக இருக்கிறது தம்பி. இரண்டு மாற்றம் மட்டும் சொல்கிறேன்.

38 அடி வேண்டாம். இந்தப் பருவத்தில் பெர்ச்சுக்கு அவ்வளவு ஆழம் போகத் தேவையில்லை, நீர்க்கண் சொன்ன மாதிரி சின்னதைத் திரும்ப விடவும் முடியாது. 25 தாண்டி 28 அடியில், குண்டில் சேறு ஒட்டத் தொடங்குகிற இடத்தில் அதைப் போடுங்கள். இரண்டாவது, 25 அடி ஆட்டுத்தூண்டிலையும் சாயங்காலம் அங்கேயே வைத்திருக்காதீர்கள். மூன்றரை, நான்கு மணிக்கு அதை எடுத்து 14 அடிக் கொடிக்கு 25 அடி தள்ளி, அதே 14 அடி ஆழக்கோட்டில் போடுங்கள். ஆடுகிற இரையைப் பார்த்துக் கிட்டே வருகிற வால்ஐ பல நேரம் ஆடுவதைக் கடிக்காமல் பக்கத்தில் சும்மா நிற்கிற உயிர் இரையைக் கடிக்கும். அந்த இரண்டும் ஜோடியாக இருக்க வேண்டும்.

கொடிக்காரி:

குடாவில் இருப்பவரையும் சாயங்காலம் சரிவுக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்லலாம். வேண்டாம். பைக் கொடியை மட்டும் 8 அடியிலிருந்து எடுத்து 11 அடி ஓரத்துக்கு மாற்றி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைத்துவிட்டு அவர் அங்கேயே இருக்கட்டும். செடி பச்சையாக இருந்தால் வால்ஐ அந்த ஓரத்துக்கும் வரும், அப்போது இரண்டு ஆழத்துக்கும் ஒரே சாயங்காலத்தில் பதில் கிடைக்கும். எந்தக் கொடி எத்தனை மணிக்கு, எந்த ஆழத்தில் எழுந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து இங்கே போடுங்கள், அடுத்த முறைக்குக் கோட்டை எங்கே நகர்த்துவது என்று அதை வைத்துப் பேசலாம்.

தக்கை:

28 அடியும், 14 அடி ஜோடியும் குறித்துக்கொண்டேன். குடாவில் என் தம்பி இருப்பான், அவனிடம் 11 அடிக்கு மாற்ற வேண்டிய நேரத்தையும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை போகிறோம், கொடி எழுந்த நேரம் ஆழம் எல்லாம் எழுதிக்கொண்டு வருகிறேன்.